நாலு சுவருக்குள் ஓடும் படங்கள்

சமீபகாலமாக வீட்டில் பார்த்த படங்களில் எது மனதில் தங்கியது, எது பார்த்த மறுநாளே கரைந்துபோனது என்று யோசித்துப் பார்த்தேன். தங்கியவை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளோ ஒரு வீட்டுக்குள்ளோ நடக்கிற படங்கள். கரைந்துபோனவற்றில் பல, பெரிய திரைக்கென்றே எடுக்கப்பட்ட நல்ல படங்கள். அவற்றின் மேல் எந்தக் குறையும் இல்லை, டிவிதான் அவற்றுக்குப் போதவில்லை. இப்போதெல்லாம் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இது எந்த அளவுத் திரைக்கான படம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில படங்களைப் பார்க்க வீட்டைவிடச் சிறந்த இடம் கிடையாது என்றே நம்புகிறேன்.

முதலில் ‘12 ஆங்ரி மென்’. 1957இல் வந்தது, சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படம், ஓடுவது 96 நிமிடம். அப்பாவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் தலைவிதியை முடிவு செய்ய 12 ஜூரிகள் ஓர் அறையில் அடைக்கப்படுகிறார்கள். பதினொரு பேர் குற்றவாளி என்று கை தூக்க, எட்டாவது ஜூரி ஒருவர் மட்டும் பேசிப் பார்க்கலாம் என்கிறார். சில நிமிடங்கள் தவிர முழுப் படமும் அந்த ஒரே அறைதான். புழுக்கம் தாங்கவில்லை, மின்விசிறி ஓடவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் விசிறிக்கும் அதே சுவிட்ச் என்று தெரிகிறது.

லூமெட் இந்த அறையைப் படம் பிடித்த விதம் பற்றி அவரே எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு வருகிறது. கடைசிப் பகுதியில் கீழே இறங்கி அண்ணாந்து பார்க்கிறது, அறையின் கூரை தெரியத் தொடங்குகிறது. கூடவே, பின்னால் இருப்பதை நெருக்கிக் காட்டும் நீண்ட லென்ஸுகளுக்கு மாறிக்கொண்டே போகிறது. சுவர்கள் நெருங்கிவருவதுபோல இருக்கும், ஆனால் அறை அதே அறைதான். கடைசியில் வெளியே வரும்போது மட்டும் அகன்ற லென்ஸ், அப்போது நமக்கே மூச்சு வாங்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை குறையும் என்று சிலர் சொல்வார்கள். எனக்குக் கூடியது. டிவியில் ஒரு மனிதனின் முகம் ஏறக்குறைய நிஜ அளவில் வருகிறது, நம் அறையும் அந்த அறை அளவுதான் இருக்கிறது. பதின்மூன்றாவது நாற்காலியில் நாம் உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிடுகிறது.

கடைசிவரை குற்றவாளி என்றே நிற்கும் மூன்றாவது ஜூரியின் கடைசி வெடிப்பை எல்லோரும் கொண்டாடுவார்கள். எனக்கு அது சற்றே அதிகமாகப் பொருத்தி எழுதப்பட்ட காட்சியாகப் படுகிறது. என் மனம் நான்காவது ஜூரியிடம்தான் போனது. வியர்க்கவே வியர்க்காத மனிதர், எல்லாவற்றையும் ஆதாரத்தோடு பேசுகிறவர். கொலை நடந்த இரவில் தான் சினிமாவுக்குப் போனதாகச் சொன்ன இளைஞனுக்குப் படத்தின் பெயர் நினைவில் இல்லை, அதனால் அவன் பொய் சொல்கிறான் என்பது அவர் வாதம். அப்படியானால் நீங்கள் சில நாட்களுக்கு முன் பார்த்த படம் எது என்று எட்டாவது ஜூரி அவரையே கேட்கிறார். பெயர் கொஞ்சம் மாறிப்போகிறது, நடிகர் பெயர் வரவில்லை. அந்த நெற்றியில் முதன்முதலாக வியர்வை துளிர்க்கிறது.

அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் படம் முடிந்ததும் நாலு வரி எழுதிவைக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். படத்தின் பெயர், மனதில் நின்ற ஒரு காட்சி, எனக்கு ஒட்டாத ஒரு விஷயம், யாரோடு பார்த்தேன். இவ்வளவுதான். மதிப்பெண் எதுவும் போடுவதில்லை, மதிப்பெண் போட்டால் யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது. படம் நன்றாக இருந்தது என்று பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு காட்சியைக் குறித்துவைத்தால், பல மாதம் கழித்தும் முழுப் படமும் அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறது. சப்டைட்டிலையும் இந்தப் படத்துக்குக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் பன்னிரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசும்போது பாதி நழுவிவிடும்.

இதற்கு அடுத்து ‘அந்த நாள்’ பார்த்தோம். 1954, ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். 1943இல் சென்னை மீது ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்களில் நடக்கும் கதை. படம் தொடங்கியவுடனேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அவர்தான் படத்தின் எழுத்தாளரும். ஒவ்வொருவர் சொல்லிலும் சிவாஜி வேறு வேறு ஆளாகத் தெரிகிறார்.

என் அப்பாவுக்கு இந்தப் படம் கதையாகத் தெரியும். ஆனாலும் பண்டரிபாய் வரும் ஒவ்வொரு காட்சியிலும் “அவங்க கண்ணைப் பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் அதுதான் படத்தின் உயிர் என்று தோன்றியது. சிவாஜியின் நடிப்பைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை, பண்டரிபாயைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். நிழலும் வெளிச்சமும் இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்ட படத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே கூடாது. கறுப்பு வெள்ளைப் படங்களில் இருட்டுக்குள்தான் பாதிக் கதை இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் டிவித் திரையில் விழுந்தால் அந்தப் பாதி காணாமல் போய்விடும். படக்காட்சி அமைப்பை ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்ற நிலைக்கு மாற்றுவதும் அவசியம். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைக்கப்பட்டிருக்கும் ‘விவிட்’ நிலையில் வெள்ளை நிறம் நீலம் பாய்ந்து நிற்கும்.

‘வீடு’ பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். 1988. பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்து, இயக்கிய படம். தன் அம்மா வீடு கட்டியபோது பார்த்த அனுபவம்தான் இதன் வேர், படத்தையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது இந்தப் படத்துக்காகக் கிடைத்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண், தங்கை, தாத்தா. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், சொந்தமாக ஒரு வீடு கட்டலாம் என்று கிளம்புகிறார்கள். கடன், அனுமதி, ஒப்பந்தக்காரர், சிமெண்ட், மழை. கதை என்று சொன்னால் இவ்வளவுதான்.

ஆனால் பார்க்கும்போது ஒரு திகில் படத்துக்குரிய பதற்றம் வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையெழுத்து, ஒரு தொகை, ஒரு தாமதம். வில்லன் என்று ஒருவரைக் காட்டிவிட முடியாது. சின்னச் சின்ன அலட்சியங்களும் சின்னச் சின்னப் பேராசைகளும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படி அரைக்கும் என்பதைக் குரல் உயர்த்தாமல் காட்டுகிறார் பாலு மகேந்திரா. “சண்டையே இல்ல, ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது” என்றார் அப்பா. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருகிறாரே, அந்தக் காட்சிக்கு ஈடாகத் தமிழில் நான் பார்த்தவை மிகக் குறைவு. வசனம் தேவைப்படவில்லை. பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், அறை அறையாக நடக்கிறார். பின்னால் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ ஆல்பத்தின் இசை. பாட்டே இல்லாத இந்தப் படத்துக்கு அந்த ஆல்பத்திலிருந்துதான் பின்னணி இசை எடுத்தாளப்பட்டது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் கதைச்சுருக்கம் எதையும் படிக்காமல் பாருங்கள்.

இந்த இடத்தில் ஓடிடி ஆப்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு படம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஓடும் அந்த ஓரிரு நிமிடம் நமக்குத் தேவை. அதற்குள் படம் ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த படத்தின் முன்னோட்டம் சத்தமாக ஓடத் தொடங்கினால் மனம் அறுந்துவிடும். பெரும்பாலான ஆப்களில் தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி கணக்கு அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஒருமுறை தேடி அணைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் படம் முடிந்தபின் யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அதன் பிறகுதான் வந்தது. பேச்சும் அதன் பிறகுதான் நன்றாக வருகிறது.

‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படத்தைத் தாமதமாகத்தான் பார்த்தோம். ஜியோ பேபி இயக்கம், 2021 ஜனவரியில் நீஸ்ட்ரீம் என்ற தளத்தில் முதலில் வந்தது. நிமிஷா சஜயனும் சுராஜ் வெஞ்ஞாரமூடும். இருவரின் பாத்திரங்களுக்கும் பெயர் கிடையாது, மனைவி, கணவன், அவ்வளவுதான். முதல் அரைமணி நேரம் அடுப்படி வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நறுக்குவது, வதக்குவது, துடைப்பது, கழுவுவது, மறுபடி நறுக்குவது. இது எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்த நீளம்தான் படம். அந்த வேலை செய்கிறவர்களுக்கு அதைச் சுருக்கித் தர யாரும் இல்லையே.

அம்மா பாதியில் ஒரே ஒரு முறைதான் பேசினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச்சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். “அந்தக் குழாயை முதல்ல சரி பண்ணச் சொல்லு” என்றார் அம்மா, திரையைப் பார்த்தபடியே, கோபமாக. அந்த ஒரு வாக்கியத்தைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும், முக்கியமாக ஆண்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம்.

இதில் பின்னணி இசை மிகக் குறைவு. சமையலறைச் சத்தங்களே இசையின் வேலையைச் செய்கின்றன. ஆகவே ஒலியைச் சரியாக வைக்காவிட்டால் படமே கிடைக்காது. டிவியில் வசனம் கேட்பதில்லை, சண்டை வந்தால் மட்டும் வீடே அதிர்கிறது என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தியேட்டருக்காக ஆறு வழிகளில் கலக்கப்படும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கப்படுகிறது. நம் டிவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது, இருக்கும் இரண்டும் பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். ஆறு வழியாக வர வேண்டியதை இரண்டில் அடைக்கும்போது பேச்சு அமுங்கிப்போகிறது. ஆப்பில் ஒலித் தேர்வில் ‘ஸ்டீரியோ’ இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். டிவியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தூக்கிக்காட்டும் நிலையும், உரத்த சத்தத்தைத் தணித்து மெல்லியதை உயர்த்தும் இரவு நிலையும் பலவற்றில் இருக்கும். இதற்கெல்லாம் செலவு எதுவும் இல்லை. வாங்குவதென்றால் நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் போதும். தனியாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நல்ல ஹெட்போனே எல்லாவற்றையும் மிஞ்சும்.

மொழியைப் பொறுத்தவரை மலையாளப் படங்களை மூலமொழியில் சப்டைட்டிலோடு பார்ப்பதுதான் என் தேர்வு. தமிழ்க் காதுக்குப் பாதி புரிந்துவிடும், அந்தக் குரல்களை இழக்க வேண்டியதில்லை. ஆனால் வேகமாகப் படிக்க முடியாத பெரியவர்களோடு பார்க்கும்போது டப்பிங்கைத் தாழ்வாக நினைக்கக் கூடாது. அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், எழுத்தைத் துரத்தக் கூடாது.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை இந்த வரிசையில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓசுவின் கேமரா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உயரத்தில் இருக்கும், ஏறக்குறைய நகரவே நகராது. 1953இல் வந்த படம். ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு நேரம் இல்லை. போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ மட்டும்தான் அவர்களோடு மனதார இருக்கிறாள். அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்று தெரிந்தால் நம்ப முடியாது. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இது முதலிடம் பெற்றது. அந்தப் பெருமையை மறந்துவிட்டுப் பாருங்கள், நம் சித்தப்பா பெரியப்பா வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

136 நிமிடம், மெதுவாகப் போகும். இதை 1.25 வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன் என்று ஒரு நண்பர் சொன்னபோது எனக்கு மனம் வலித்தது. வாசற்படியில் செருப்பைக் கழற்றும் நேரம், விசிறியால் விசிறிக்கொள்ளும் நேரம், ஒருவர் எழுந்து போனபின் அறை காலியாக நிற்கும் நேரம், இவைதான் அந்தப் படத்தின் பேச்சு. பொறுமை போதாவிட்டால் இரண்டு நாளாகப் பிரித்துப் பாருங்கள், வேகத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

மெதுவான படங்களை டிவியே கெடுக்கும் இன்னொரு வழியும் உண்டு. சினிமா நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்) எடுக்கப்படுகிறது. புதிய டிவிகள் நடுநடுவே தாமாகவே சட்டகங்களை உருவாக்கிச் செருகி அசைவை வழுவழுப்பாக்குகின்றன. கிரிக்கெட்டுக்கு அது நல்லது. சினிமா அதனால் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்வாரியும் இதை அணைத்துவிடுங்கள் என்று ஒரு வீடியோவே போட்டார்கள். 2019இல் படத்தை எடுத்தபடியே காட்டும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற நிலை அறிவிக்கப்பட்டது, உங்கள் டிவியில் அது இருந்தால் அந்த ஒரு பொத்தானே போதும். இல்லாவிட்டால் அசைவு, ‘மோஷன்’ என்ற சொல் வரும் இடங்களைத் தேடி அணையுங்கள், நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதோடு, 4:3 அளவில் வரும் பழைய படங்களின் இருபக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதைப் பார்த்துத் திரையை இழுத்து நிரப்பாதீர்கள். விம் வெண்டர்ஸ் 2023இல் எடுத்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’கூட வேண்டுமென்றே அந்தச் சதுரத்துக்குள் எடுக்கப்பட்டதுதான். டோக்கியோவில் பொதுக் கழிப்பறை சுத்தம் செய்யும் ஒரு மனிதரின் அன்றாடம், கோஜி யகுஷோவின் அமைதியான முகம். இதமான படம். அவர் வாழ்க்கையை அது கொஞ்சம் அழகாக்கிக் காட்டுகிறதோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு ஒத்துவராத படங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, 1962, டேவிட் லீன், 70 மி.மீ. பாலைவனத்தின் கானல் அலைக்குள்ளிருந்து ஒமர் ஷெரீஃப் ஒட்டகத்தில் வருகிறார். முதலில் ஒரு புள்ளி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனிதன். டிவியில் அந்தப் புள்ளி தெரியவே இல்லை. எங்கே எங்கே என்று தேடுவதற்குள் அவர் பக்கத்தில் வந்துவிட்டார். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தை அத்தோடு நிறுத்தினேன், எங்காவது பெரிய திரையில் மறுவெளியீடு வந்தால்தான் மீதி.

அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு வீடும் அங்கே வேலை செய்யும் பெண்ணும்தான் கதை, அந்த வகையில் வீட்டுப் படம். ஆனால் 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அந்தப் படத்தில் கேமரா நெருங்கி வருவதே அபூர்வம். ஒரு சட்டகத்துக்குள் பத்து விஷயம் நடக்கும், ஒலி நாலா பக்கமும் இருக்கும். டிவி ஸ்பீக்கரில் தொடக்கம் எனக்கு வெறுமையாக இருந்தது. ஹெட்போன் போட்டு, நாற்காலியை டிவிக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் கடலலைக் காட்சி என்னை அடித்துப் போட்டது. திரை சிறியது என்றால் கிட்டே போய் உட்காரலாம் என்பது எவ்வளவு எளிய விஷயம்! அறையின் எதிர்ச்சுவரை ஒட்டிப் போட்ட சோபாவிலிருந்து பார்த்தே பலர் படங்களைக் கழித்துக் கட்டிவிடுகிறார்கள்.

புதிய தமிழ்ப் படங்களில் ‘மெய்யழகன்’. 2024இல் தியேட்டரில் வந்த சில நாட்களில் நீளம் என்ற குறையால் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். இரண்டு பேர் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதுதான் அதன் உள்ளம். அந்தப் பேச்சைக் கேட்க வீட்டு ராத்திரி மாதிரிப் பொருத்தமான நேரம் வேறில்லை. தன்னிடம் இவ்வளவு அன்பாக இருப்பவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்று அரவிந்த்சாமி கூனிக் குறுகும் முகம் அருகில் பார்க்க வேண்டிய முகம். வீர வரலாறு பேசும் பகுதிகள் எனக்கு நீளமாகவே தோன்றின. அக்காவுக்கு நேர்மாறு, அந்தப் பகுதிகளுக்காகவே மறுபடி பார்ப்பேன் என்கிறாள். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அடுத்து அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ என்று முடிவாகியிருக்கிறது. 1950, வெறும் 88 நிமிடம். ‘அந்த நாள்’ அதன் பாதிப்பில் உருவானது என்று சொல்வார்கள். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் போட்டுப் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பண்டரிபாயை மறுபடி பார்க்கலாம் என்பதால் அவர் உடனே சரி என்றுவிட்டார்.